புதுப்பிப்பு: "கதவு பூட்டியாச்சா அம்மா?"

எட்டு வயது மகள் ராத்திரி விளக்கை அணைத்ததும் இதையே பத்து தடவை கேட்பாள், தனியாகத் தூங்க மாட்டாள் என்று இரண்டு மாதம் முன்பு எழுதியிருந்தேன்.

இங்கே பெங்களூரில், அல்சூர் பக்கம் ஒரு ஆலோசகரிடம் நானும் கணவரும் பயிற்சியில் சேர்ந்தோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எலி லெபோவிட்ஸ், குழந்தைகளின் அதீத பயத்துக்காக உருவாக்கிய 'ஸ்பேஸ்' முறை. குழந்தை வரவே வேண்டாம். மாற வேண்டியது பெற்றோர்தான். 2020இல் வெளியான ஆய்வில் 124 குழந்தைகள். குழந்தைக்கே நேரடியாகத் தரும் சிகிச்சைக்கு இது சளைத்ததில்லை என்று தெரிந்தது.

"பூட்டியாச்சு கண்ணு" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் பயத்துக்குத் தீனி போட்டிருக்கிறது. இனி ஒரே ஒரு பதில்தான் என்று கடிதமாக எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினோம். அப்புறம், "பயமா இருக்குன்னு தெரியுதுடா, உன்னால சமாளிக்க முடியும்" மட்டும்.

முதல் வாரம் கொடுமை. தலையணை நனைய அழுதாள். "பச்சப்புள்ளைய இப்படி அழவிடலாமா?" என்று மாமியார் கலங்கினார். அவரையும் உட்கார வைத்து விளக்கினோம், அது ரொம்ப முக்கியம்.

ஐந்தாவது வாரம், ஒரு தடவை கேட்டாள். போர்வை நுனியைச் சுருட்டிப் பிடித்தபடி தானே தூங்கிவிட்டாள். நான் வாசலில் நின்று அழுதேன்.

இடி இடித்தால் இன்னும் எங்கள் அறைக்கு ஓடி வருகிறாள். அடுத்து அதுதான்.