ஹோர்னில் 50-வது பிறந்தநாள் விருந்து: கெவுல்ட எயரன் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்

மதுரைப்பொண்ணு_அம்ஸ்டல்வேன்

வணக்கம். என் கணவரோடு வேலை பார்க்கும் டச்சுக்காரப் பெண்ணுக்கு வரும் சனிக்கிழமை 50 வயது. இங்கே நெதர்லாந்தில் ஹோர்ன் என்ற ஊரில் அவர் வீட்டிலேயே விருந்து, 25 பேர் வருகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு தின்பண்டம் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். சீஸ் துண்டுகள், லேவர்வொர்ஸ்ட் (ஈரல் சாசேஜ்), ஹாம் சுற்றிய வெள்ளரி ஊறுகாய், பிட்டர்பாலன் (பொரித்த இறைச்சி உருண்டை) எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது கெவுல்ட எயரன். முட்டையை அவித்து, பாதியாக வெட்டி, மஞ்சள் கருவைப் பிசைந்து திரும்ப உள்ளே வைக்கிற வேலைதானே என்று என்னைக் கேட்காமலே என் பெயரைப் போட்டுவிட்டார் இவர். இவர் ஒரு முட்டை உரித்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்தது முட்டைக் குழம்பு, முட்டை மசாலா. அதில் வெள்ளைக் கரு கொஞ்சம் பிய்ந்தாலும் மசாலா மறைத்துவிடும். இதில் மறைக்க ஒன்றும் இல்லையே. இங்கே வாங்கும் முட்டையை உரித்தால் தோலோடு வெள்ளையும் சேர்ந்து வருகிறது, அதற்கு என்ன வழி? மயோனைஸ் எவ்வளவு? பச்சை மிளகாய், வெங்காயம் சேர்க்கலாமா, இல்லை அவர்கள் செய்வது மாதிரியே விட்டுவிடுவதா?

கார் கிடையாது, ரயிலில்தான் போகிறோம். அப்புறம் ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை இந்த வீட்டு அடுப்பில் முட்டை ஏறாது. ஆக வியாழன் இரவு, அல்லது சனி காலை.

டென்ஹெல்டர்_அக்கா

தங்கச்சி, மாமியாரால் உங்களுக்கு நன்மைதான். வியாழன் இரவே அவித்து உரித்துவிடுங்கள். உரித்த முட்டையை வெட்டாமல், ஈரமான கிச்சன் பேப்பர் போட்ட பெட்டியில் மூடி பிரிட்ஜில் வைத்தால் சனிக்கிழமை வரை ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், வீட்டில் சமாதானம்.

முட்டையை இன்றைக்கே வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கிற கடைசித் தேதி, முட்டை இட்டதில் இருந்து 28 நாள் என்ற கணக்கில் வருவது. அந்தத் தேதியில் 28-ஐக் கழித்தால் கோழி எப்போது இட்டது என்று தெரிந்துவிடும். இட்டு இரண்டு வாரம் ஆன முட்டைதான் உங்களுக்கு வேண்டும். நேற்று இட்டது பொரிக்க நல்லது, உரிக்க உயிரை வாங்கும். முட்டையில் அச்சடித்திருக்கிற முதல் எண் (0 ஓர்கானிக், 1 வெளியில் மேய்ந்த கோழி, 2 கொட்டகைக் கோழி) உங்கள் மனச்சாட்சிக்கும் பணப்பைக்கும் உள்ள விஷயம். உரிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அளவு எம் போதும், 53 முதல் 63 கிராம் வரை வரும். பெரிய எக்ஸ்எல் (XL) வாங்காதீர்கள். ஏன் என்றால், இந்தச் சனத்தின் பிறந்தநாளில் கதிரைகளை வட்டமாகப் போட்டு இருப்பார்கள். முதலில் கோப்பி, ஒரு துண்டு கேக். அது முடிந்து பியர், வைன் வந்த பிறகுதான் தட்டுகள் சுற்றி வரும். ஒரு கையில் கிளாஸ், மற்றக் கையில் முட்டை, மடியில் பீங்கான் எல்லாம் கிடையாது. இரண்டு கடியில் முடிய வேண்டும், உடுப்பில் விழக் கூடாது. இதை மனதில் வைத்தால் உங்கள் கேள்வி பாதிக்குப் பதில் வந்துவிடும். வெங்காயம் வேண்டாம், கடிக்கும்போது சிதறும், மஞ்சள் கருக் கலவையைப் பிழிகிற பையின் வாயையும் அடைக்கும். பச்சை மிளகாயும் அப்படித்தான்.

6 முட்டைக்கு 3 மேசைக்கரண்டி மயோனைஸ், 1 தேக்கரண்டி மொஸ்டெர்ட் (கடுகு விழுது), அரைத் தேக்கரண்டி கெரிப் பொடி, கொஞ்சம் உப்பு, மிளகு. மயோனைஸை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு கரண்டி போட்டுப் பிசைந்து பார்த்து மிச்சத்தை விடுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்கிற பதம். மேலே பாப்ரிகா தூள், பொடியாக வெட்டின பீஸ்லோக் (மெல்லிய வெங்காயத் தாள் மாதிரி ஒரு கீரை) அல்லது பார்ஸ்லி.

கெரிப் பொடி என்றால் இங்கே கடையில் சின்னப் போத்தலில் இருக்கிற மஞ்சள் தூள்தான். காரமே இராது, மஞ்சளும் வெந்தயமும் முன்னுக்கு நிற்கும். தயவுசெய்து எங்கட வறுத்த கறித்தூளைப் போடாதீர்கள். முட்டை மண் நிறத்துக்கு வந்துவிடும், பச்சைத் தூள் வாசம் வேறு. உங்கள் ஊர் கறி மசாலாவுக்கும் இதுதான் சட்டம். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா செய்து காட்டினபோது "இதில் ஒரு உறைப்பும் இல்லையே" என்று நினைத்தேன். இப்போது என் பிள்ளைகளுக்கு அது அப்படியே வேண்டும், ஒரு மிளகு கூடினால் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் இந்தத் தட்டு உண்டு, பிள்ளையார் கோவில் திருவிழாவைத் தவிர.

ராட்டர்டாம்_கிச்சன்

அக்கா சொன்ன அளவு சரி. கேட்டரிங் கிச்சனில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சில சேர்க்கைகள்.

பழைய முட்டை ஏன் நன்றாக உரிகிறது என்றால், ஓட்டின் நுண் துளைகள் வழியே கரியமில வாயு மெல்ல வெளியேறுகிறது. வெள்ளைக் கருவின் காரத்தன்மை (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரானது) கூடுகிறது. அப்போது அது உள்தோலை இறுகப் பிடிப்பதில்லை. பழைய முட்டை இருந்தாலும் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டாதீர்கள். தண்ணீர் கொதித்த பிறகு கரண்டியால் இறக்குங்கள். 10 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். அதற்கு மேல் வேக விட்டால் வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். தின்ன ஒரு கேடும் இல்லை. ஆனால் மஞ்சள் கருவைப் பிசையும்போது மொத்தமும் மங்கிப் போகும். உரிப்பதை அகலமான முனையில் தொடங்குங்கள், காற்றறை அங்கேதான் இருக்கிறது. தண்ணீருக்குள் வைத்தே உரித்தால் இன்னும் சுலபம்.

வெட்டினால் மஞ்சள் ஒரு ஓரமாக ஒதுங்கி, ஒரு பக்கச் சுவர் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும், அங்கேதான் கிழியும். அதனால் அவிப்பதற்கு முந்தைய நாள் பெட்டியோடு பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். மஞ்சள் பெரும்பாலும் நடுவுக்கு வந்துவிடும்.

மயோனைஸ் வாங்கும்போது பெயரைப் படியுங்கள். இந்த நாட்டில் மயோனைஸ் என்று எழுதி விற்க வேண்டுமானால் 70 சதவீதம் கொழுப்பும் 5 சதவீதம் மஞ்சள் கருவும் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். பக்கத்திலேயே இருக்கிற ஃப்ரீட்சாஸ் (உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்வது) பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் கொழுப்பு குறைவு, இனிப்பு அதிகம். உங்கள் ஃபில்லிங் இளகினால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். மஞ்சள் கருவை முள்கரண்டியால் மசிப்பதை விடச் சல்லடையில் தேய்த்து இறக்குவது மேல். ஒரு கட்டி மிஞ்சினாலும் பிழியும் பையின் நட்சத்திர முனையில் வந்து அடைக்கும். கடைசியில் வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர் ஒரு தேக்கரண்டி விடுங்கள், மயோனைஸின் திகட்டல் போய்விடும்.

ரயிலுக்கு: நிரப்பி எடுத்துப் போகாதீர்கள். பாதிகளை வெட்டி, வெட்டுப் பக்கம் கீழே வரும்படி கிச்சன் பேப்பரில் அடுக்குங்கள். ஃபில்லிங் தனியாகப் பிழியும் பையில், வாயைக் கட்டி. இரண்டும் ஐஸ் பேக் வைத்த பையில் போகட்டும். அங்கே போய்ப் பிழிய 10 நிமிடம் ஆகாது. ஒவ்வொரு பாதிக்கும் அடியில் ஒரு சின்னச் சீவல் எடுத்துவிட்டால் தட்டில் உருளாது. வெளியே வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் எடுத்துவிடுங்கள்.

காரம்சாரம்_ஐந்தோவன்

ரெண்டு பேரும் சேர்ந்து அந்த முட்டையை ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஆக்கிவிட்டீர்கள். டச்சுக்காரனுக்குக் காரமே ஆகாது என்று யார் சொன்னது? 1949-இல் இவர்கள் ஆண்ட இந்தோனேசியா கைவிட்டுப் போனது, அங்கேயிருந்து வந்த குடும்பங்களோடு சம்பல் என்ற மிளகாய் விழுது இங்கே வந்து குடியேறிவிட்டது. எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் சம்பல் ஊலக் இருக்கிறது, சீஸ் ரொட்டிக்கே தடவித் தின்கிறார்கள். பாதி முட்டையில் ஃபில்லிங்கோடு சம்பல் கலந்துவிடுங்கள் மேடம். அந்தத் தட்டுதான் முதலில் காலியாகும்.

டென்ஹெல்டர்_அக்கா

தம்பி, சம்பல் கலந்தால் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து ஃபில்லிங் இளகும், நிறமும் செங்கல் மாதிரி வரும். கலக்காமல் மேலே ஒரு பொட்டு வைத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எது உறைப்பு என்று கண்ணுக்கே தெரியும், வயதான ஆட்கள் தெரியாமல் எடுத்து வாயில் வைக்க மாட்டார்கள். நாலில் ஒரு பங்குக்கு மட்டும் வையுங்கள். சம்பல் வேண்டாம் என்றால் சின்ன ஹொலண்ட்ஸ கார்னாலன் இறால் இரண்டு வைக்கலாம், விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

மதுரைப்பொண்ணு_அம்ஸ்டல்வேன்

எல்லோருக்கும் நன்றி. கடையில் போய்த் தேதியைக் கழித்துப் பார்த்தேன், அடுக்கின் பின்வரிசையில் இருந்ததை விட முன்வரிசையில் இருந்தது ஒன்பது நாள் பழசு. முன்வரிசையையே எடுத்தேன், வாழ்க்கையில் முதல் முறையாக. சம்பல் பொட்டு யோசனை பிடித்திருக்கிறது. 25 பேருக்கு எத்தனை முட்டை அவிக்க? விருந்தில் வேறு எதாவது முறை இருக்கிறதா, இதுதான் எங்களுக்கு முதல் டச்சுப் பிறந்தநாள்.

டென்ஹெல்டர்_அக்கா

வேறு தின்பண்டமும் நிறைய வருவதால் 20 முட்டை, 40 பாதி போதும். ஆனால் 24 அவியுங்கள். கிழிந்ததை நறுக்கி, மிஞ்சின ஃபில்லிங்கோடு கலந்தால் ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு எயர்சலாட (முட்டை சாலட்) ஆயிற்று.

50 வயதுப் பெண் என்றபடியால் வாசலில் ஒரு பெரிய கிழவிப் பொம்மை நிற்கக் கூடும், அதுதான் பைபிளில் வருகிற சாரா. ஆண் என்றால் ஆபிரகாம் நிற்பார். உள்ளே போனதும் பிறந்தநாள்காரிக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். புருஷன், தாய், பிள்ளைகள், வட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் கை கொடுத்து "ஹெஃபெலிசிடேர்ட்" சொல்ல வேண்டும். ஆகவே முதலில் குசினிக்குப் போய்ப் பையைப் பிரிட்ஜில் வைத்துவிட்டுச் சுற்றுக்கு வாருங்கள். கேக் தின்று முடிகிற நேரம் எழும்பிப் போய்ப் பிழியுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கே செய்தி போட்டு, பிரிட்ஜில் ஒரு தட்டு அளவு இடம் கேட்டு வையுங்கள். சனிக்கிழமை மத்தியானம் பியர் போத்தல்களை அடுக்கிவிட்டார்கள் என்றால் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கவும் இடம் கிடைக்காது.