ஆடிப்பெருக்குக்குச் சப்பரம் யார் செய்வது?

அக்கா, அண்ணன்மார்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். திருவையாற்றில் அம்மா வீட்டில் இருக்கிறேன், மகளுக்கு 7 வயது. நானும் கணவரும் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில், இருவரும் சம்மதித்தே விவாகரத்து வாங்கிப் பிரிந்தோம், மாதம் இரண்டு சனிக்கிழமை அவர் வந்து பார்ப்பார், அதில் சண்டை இல்லை. ஆனால் ஆடி 18க்கு வருடா வருடம் சப்பரம் (பிள்ளைகள் இழுத்துப் போகும் சின்னத் தேர்) செய்து கொடுத்தது அவர்தான். "அப்பா சப்பரம் கட்ட வருவாங்களா?" என்று தினமும் கேட்கிறாள். கூப்பிட்டால் மறுபடி சேர்ந்துவிடுவோம் என்று நம்பிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. புஷ்ய மண்டபப் படித்துறையில் மற்றவர்கள் மஞ்சள் கயிறு மாற்றும்போது நான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்கிறார் அம்மா, அதை நான் கேட்கப் போவதில்லை, காவிரிக்குப் படைக்கும் காப்பரிசியும் காதோலை கருகமணியும் நானே எடுத்துப் போகிறேன். சப்பரம்தான் குழப்பம். பிரிந்த பிறகும் இருவருமாகப் பிள்ளையோடு பண்டிகை கொண்டாடியவர்கள் இருந்தால், அதற்கு முன் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்?