மறு: ஸ்பூஃபிங் – ‘போலி அஞ்சல்’ போதுமா?

வணக்கம். அடுத்தவர் மின்னஞ்சல் முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டு மடல் அனுப்புவதுதான் ஸ்பூஃபிங். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் நீங்கள் சொன்னவற்றுக்கு என் பதில்.

> ‘போலி அஞ்சல்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ஒன்றைப் பார்த்து அச்சாக இன்னொன்றைச் செய்தால் அது போலி. வங்கி மடலைப் போலவே ஜோடித்து வருகிறதே, அதற்கு அந்தச் சொல் சரி. இங்கே மடல் எதையும் பார்த்துச் செய்ததல்ல. ஏதோ மாத்திரை விளம்பரம். அனுப்புநர் இடத்தில் மட்டும் என் முகவரி.

> அப்படியானால் ‘கணக்குக் களவு’?

இது இன்னும் மோசம். போன மாதம் ஒரு காலையில் பெட்டியைத் திறந்தால், ‘மெயிலர் டீமன்’ (சேராத மடலைப் பற்றித் தகவல் அனுப்பும் சேவையக நிரல்) பெயரில் நூற்றுக்கு மேல் மடல்கள். நான் அனுப்பியதைச் சேர்க்க முடியவில்லையாம். நான் அனுப்பவே இல்லை! பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். மறுநாளும் வந்தது, மறுபடி மாற்றினேன். அப்புறம்தான் நிதானமாக, திரும்பி வந்த ஒன்றோடு இணைந்திருந்த மூல மடலின் தலைப்பகுதியைப் பிரித்துப் படித்தேன். மடல் எந்தெந்தச் சேவையகம் வழியாக வந்தது என்று காட்டும் ‘ரிசீவ்ட்’ வரிகள் எதிலும் என் சேவையகம் இல்லை. வீட்டுக்குள் யாரும் வரவில்லை. வெளியே எவனோ என் பெயரைச் சொல்லித் திரிந்திருக்கிறான். பூட்டை எத்தனை முறை மாற்றி என்ன?

பள்ளியில் கடிதம் எழுதும்போது மேலே ‘அனுப்புநர்’ என்று போடுவோம். அங்கே யார் பெயரை எழுதினாலும் பேனா தடுக்காது. மின்னஞ்சலை அனுப்புவதற்கென்று 1982-இல் வந்த எஸ்எம்டிபி நெறிமுறையும் அப்படித்தான். உறைமேல் ஒரு முகவரி, உள்ளே ஒரு முகவரி. இரண்டும் மெய்யா என்று அது கேட்பதில்லை. அனுப்புநர் மெய்யா என்று சோதிக்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டீமார்க் எல்லாம் பின்னால் போட்ட காவல். அவற்றையும் டொமைனை (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரை) நிர்வகிப்பவர்தான் அமைக்க முடியும்.

ஆகவே, திருடுபோனது பெயர் மட்டும்தான் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘மொட்டை மடல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். மொட்டைக் கடிதத்தில் பெயரே இருக்காது. இங்கே பெயர் இருப்பதுதான் தொல்லை.

கள்ள ஓட்டை நினைத்துப் பாருங்கள். சீட்டு அசல், பெட்டி அசல், பட்டியலில் உள்ள பெயரும் அசல். போட்ட கை மட்டும் வேறு. அதனால் என் பரிந்துரை ‘கள்ளப்பெயர் அஞ்சல்’. நாம் அனுப்பாததற்கு நம்மிடம் வந்து விழும் அந்தத் திரும்பல் மடல்களுக்கு ‘வீண்திரும்பல்’ எனலாம். வீண்பழியின் சாயல் இருக்கட்டும் என்றுதான்.

உதவிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்:

“உங்கள் பெட்டிக்கு வீண்திரும்பல் வந்தால், யாரோ உங்கள் முகவரியில் கள்ளப்பெயர் அஞ்சல் அனுப்புகிறார்கள் என்று பொருள். ‘அனுப்பியவை’ கோப்புறையில் நீங்கள் எழுதாத மடல் இருந்தால் விஷயம் வேறு. கணக்குக்குள்ளேயே ஆள் வந்திருக்கிறார். உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.”

கோப்புறை காலியாக இருந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது, வந்தவன் துடைத்துவிட்டும் போகலாம். தலைப்பகுதியைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும்.

வினைச்சொல்தான் இடிக்கிறது. ‘கள்ளப்பெயரிடுதல்’ என்றால் குழந்தைக்குப் பெயர் வைப்பதுபோல இருக்கிறது. ஓட்டைப் போலவே ‘கள்ளப்பெயர் போடுதல்’ என்றால் பேச்சுவழக்காகத் தெரியுமோ?