தரவுதளத்துக்கு ‘ஸ்லேவ்’ என்று பெயர் வைக்கலாமா?

நேட்டால்காரன்:
எங்கள் அலுவலகத்தில் மூலத் தரவுதளத்தை ‘மாஸ்டர்’ (எஜமான்) என்றும், அதைப் பார்த்து அப்படியே நகலெடுத்துக்கொண்டிருக்கும் தரவுதளத்தை ‘ஸ்லேவ்’ (அடிமை) என்றும் சொல்லிவந்தோம். இப்போது அதையெல்லாம் ‘சோர்ஸ்’ (மூலம்), ‘ரெப்ளிக்கா’ (நகல்) என்று மாற்றச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முழுச் சம்மதம். இணையதளம் கட்டும் மென்பொருளான ஜாங்கோ 2014லேயே ஸ்லேவை விட்டது, தரவுதள மென்பொருளான ரெடிஸ் 2018இல். தென்னாப்பிரிக்காவில், அதுவும் டர்பனில் இருந்துகொண்டு நாம் இன்னும் தயங்குவது சரியில்லை.

இரவுப்பணி:
தயங்கக் காரணம் இருக்கிறது அண்ணே. நாங்கள் வைத்திருக்கும் தரவுதள மென்பொருள் மைஎஸ்க்யூஎல். அதன் 8.4 பதிப்பில், நகல் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’ கட்டளையையே எடுத்துவிட்டார்கள். நாங்கள் அந்தப் பதிப்புக்கு மாறிய இரவு கண்காணிப்பு ஸ்கிரிப்ட் பழைய கட்டளையைத்தான் ஓட்டியது, பிழை வந்ததைக் கவனிக்காமல் பச்சையாகவே காட்டிக்கொண்டிருந்தது, நகல் ஆறு மணி நேரம் பின்தங்கிக் கிடந்தது காலையில் கிளையிலிருந்து ஃபோன் வந்த பிறகுதான் தெரிந்தது. பெயரை மாற்றியதால் யாருக்கு வேலை கிடைத்தது? அப்புறம், மாஸ்டர் என்றாலே எஜமான் இல்லை. அப்பா தவறியபோது சொத்து விஷயமாக, இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அதிகாரியான உயர்நீதிமன்ற மாஸ்டரின் அலுவலகத்துக்குத்தான் நடந்தோம், யாருக்கும் உறுத்தவில்லை.

கரும்புக்காடு:
தம்பி, ‘கூலி’ என்ற சொல்லை எடுத்துக்கொள். ஊரில் அது உழைத்ததற்கு வாங்கும் காசு. 1860 நவம்பர் 16இல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்த பிறகு அதே சொல் என்ன ஆயிற்று? வழக்கறிஞராக வந்த காந்தியையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். என் ஆயா கூடையில் கீரையும் வெண்டைக்காயும் சுமந்து வீடு வீடாக விற்றவர், கதவைத் திறக்கிற எல்லாருக்கும் அவர் ‘கூலி மேரி’தான், சொந்தப் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. அகராதியில் கூலிக்குத் தப்பான பொருளே கிடையாது என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா?

இரவுப்பணி:
ஆயாவைக் கூப்பிட்டது மனிதரை அண்ணே. இது எந்திரம்.

கரும்புக்காடு:
படிக்கிறவர் மனிதர்தானே. இந்த நாட்டின் தென்மேற்கே கேப் பகுதியில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த அடிமைகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் வழியில் வந்த பிள்ளை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ‘ஸ்லேவைக் கொன்றுவிட்டு மறுபடி கிளப்பு’ என்று கையேட்டில் படிக்க வேண்டுமா? எங்கள் கையேட்டில் அப்படித்தான் இருந்தது, எழுதியதே நான்தான்.

நேட்டால்காரன்:
அப்படியென்றால் நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில், நிரலின் முதன்மை வடிவத்துக்கு இருக்கும் ‘மாஸ்டர்’ கிளை என்ற பெயரையும் மாற்ற வேண்டும். கிட் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் 2020 அக்டோபரிலிருந்து புதிய களஞ்சியங்களுக்கு ‘மெயின்’ என்றுதான் வைக்கிறது.

கரும்புக்காடு:
அதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. ஸ்லேவ் பக்கத்தில் நிற்கும்போதுதான் மாஸ்டர் எஜமானாகிறான். கிட்டில் அவன் தனியாக நிற்கிறான்.

இரவுப்பணி:
அந்தக் கையேட்டு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. சரி, ஸ்லேவ் போகட்டும். ஆனால் பெயரை மாற்றிய கையோடு வேலை முடிந்தது என்று மேலிடம் கணக்கு எழுதிவிடும், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஸ்கிரிப்ட்களில் அந்தச் சொல் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட ஒரு வாரம் வாங்கிக் கொடுங்கள், அதுவரை மற்ற தரவுதளங்களை 8.4க்கு மாற்றாதீர்கள்.