டேப்லெட் வந்துடுச்சு, பாடம் நடத்த நேரம் எங்க?

சாக்பீஸ் டீச்சர்:
எங்களோடது ஈராசிரியர் பள்ளிங்க. 1, 2, 3 மூணு வகுப்பும் ஒரே ரூம்ல எங்கிட்ட, மொத்தம் 23 பிள்ளைங்க. 2024ல தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டு, தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைன்னு அரசு சொன்னப்ப ரொம்ப சந்தோஷப்பட்டவ நான். ஸ்மார்ட் போர்டு வந்த அன்னிக்கு பிள்ளைங்கள சுத்தி உக்கார வெச்சு பாட்டு போட்டு எல்லாரும் ஆடினோம். இப்ப நடக்குறது வேற. காலையில வருகைப்பதிவ ஆப்ல ஏத்தணும், சாப்பாட்டு எண்ணிக்கை ஏத்தணும், மதிப்பீடு வந்துச்சுன்னா ஒவ்வொரு பிள்ளையா பக்கத்துல உக்கார வெச்சு கேள்விய காட்டி அது சொல்ற பதில தட்டணும், பிள்ளைக்கு பத்து நிமிஷம்னாலும் 23 பேருக்கு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஓடிடுது, நடுவுல சிக்னல் போனா டேப்லெட்ட தூக்கிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடணும். அந்த நேரம் மீதி 22 பிள்ளைங்க என்ன பண்ணும்? என் வேலை குறையல, பிள்ளைங்க கூட இருக்குற நேரம்தான் குறைஞ்சிருக்கு.

கணக்கு பிடி:
மேடம், நானும் கணக்கு நடத்துற பட்டதாரி ஆசிரியர்தான் (பி.டி.), உங்க கஷ்டம் நியாயமானது. ஆனா ரெண்டு விஷயத்த ஒண்ணா சேத்துட்டீங்க. விவரம் ஏத்துறது ஆபீஸ் வேலை, அதுக்கு தனியா ஆள் போடச் சொல்லி நானும் உங்க கூட நின்னு கேப்பேன். பாடம் நடத்த உதவுற டெக்னாலஜி அது இல்ல. பத்தாம் வகுப்புல இருபடிச் சமன்பாட்டு வரைபடம்னு ஒரு 8 மார்க் கேள்வி, பசங்க அட்டவணை போட்டு புள்ளி வெச்சு கோட்ட இழுத்து மார்க் வாங்கிடுவாங்க, ஆனா பரவளையம்ங்கற அந்த வளைவு ஏன் மேல பாத்து திறக்குது, ஏன் கவுந்து நிக்குதுன்னு கேட்டா பதில் வராது. ஹைடெக் லேப்ல கணக்குப் படம் வரையுற ஜியோஜீப்ரா சாப்ட்வேர திறந்து எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னாடி இருக்குற எண்ணுக்கு இழுத்து மாத்துற மாதிரி ஒரு ஸ்லைடர் வெச்சேன், பின் பெஞ்சு பொண்ணு ஒருத்திகிட்ட மவுஸ குடுத்து மெதுவா நகத்தும்மான்னேன். 3, 2, 1ன்னு குறையக் குறைய வளைவு அகலமாச்சு, 0க்கு வந்ததும் நேர்கோடா படுத்துருச்சு, மைனஸுக்குப் போனதும் கவுந்துச்சு, மொத்த கிளாஸும் ஒரே சத்தம். வாயே திறக்காத அந்தப் பொண்ணு "சார், 0 ஆனா எக்ஸ் ஸ்கொயரே இல்லையே, அதான் கோடு"ன்னுச்சு. இதக் கரும்பலகையில காட்டணும்னா நான் பத்து படம் வரையணும், வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிடும்.

இன்னொண்ணு, இது யாரும் மேல இருந்து புதுசா திணிச்சது இல்ல. 2018ல புதுப் பாடப்புத்தகம் வந்தப்பவே கணக்குப் புத்தகத்துல இணையச் செயல்பாடுன்னு போட்டு ஜியோஜீப்ரா குடுத்திருக்காங்க. நாமதான் அந்தப் பக்கத்த புரட்டிட்டுப் போயிடுறோம்.

தேனி அப்பா:
ஒரு அப்பாவா சொல்றேன், கோச்சுக்காதீங்க சார். லேப்ல நீங்க கூட நிக்கிறீங்க, வீட்ல யார் நிக்கிறா? என் பொண்ணு நாலாவது படிக்குது. வீட்டுப்பாடம் வாட்சப் குரூப்ல வருது, போன் எங்கிட்ட இருக்கு, நான் வேலை முடிஞ்சு வீடு வர எட்டு மணி. அதுவரைக்கும் காத்திருக்கு, வந்ததும் போன வாங்கி வீட்டுப்பாடத்த பாக்குது, அஞ்சு நிமிஷம் கழிச்சு எட்டிப் பாத்தா யூடியூப் ஷார்ட்ஸ் ஓடுது. பாடப்புத்தகத்துல இருக்குற க்யூஆர் கோடும் அதே கதைதான், வீடியோ முடிஞ்சதும் விரல் வேற எங்கயோ போயிடுது. குழந்தைய திட்டி என்ன பண்றது, பெரியவங்க நமக்கே கட்டுப்பாடு இல்ல.

சுவீடன்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. பாலர் பள்ளியில டிஜிட்டல் கருவி கட்டாயம்னு வெச்சிருந்தவங்க 2023ல அத வேணாம்னு சொல்லி, அச்சுப் புத்தகம் வாங்க பணம் ஒதுக்கி, கையெழுத்துக்கும் அமைதியா உக்காந்து படிக்கிறதுக்கும் திரும்பிட்டாங்க. அவ்வளவு வசதி இருக்குற நாடே பின்வாங்குது, நாம ஏன் முன்னாடி ஓடுறோம்?

2011 லேப்டாப் பேட்ச்:
அண்ணா, சுவீடன் பசங்களுக்கு வீட்ல புத்தக அலமாரியும் இருக்கு, லேப்டாப்பும் இருக்கு. வயிறு நிறைஞ்சவங்க ஒரு வேளை சாப்பாட்ட குறைச்சுக்கலாம், எங்க வீட்ல அடுப்பே அப்பதான் பத்த வெச்சோம். 2011ல பிளஸ் டூ படிச்சப்ப அரசு குடுத்த முதல் பேட்ச் லேப்டாப் எனக்கு வந்துச்சு. எங்க தெருவுல அதுக்கு முன்னாடி யார் வீட்லயும் கம்ப்யூட்டர் கிடையாது. விண்டோஸும் இருந்துச்சு, அது மாதிரியே இன்னொரு இயங்குதளம் பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, எது என்னன்னு சொல்லிக் குடுக்க ஆள் இல்ல, நானும் என் தம்பியும் ராத்திரி உக்காந்து ஒவ்வொரு பட்டனா அமுக்கி கத்துக்கிட்டோம். காலேஜ் போனப்ப லேப்ல மத்த பொண்ணுங்க கூட சமமா உக்கார முடிஞ்சது அதனாலதான். தம்பி டிப்ளமோ முடிச்சதும் அதே லேப்டாப்லதான், பேட்டரி போயி வயர சொருகியே வெச்சிருந்து ஓட்டினான். நிறைய பேரு வித்துட்டாங்கன்னு சொல்வாங்க, வித்தவங்க இருந்தாங்க, வீட்டுக் கஷ்டத்துக்கு வித்தாங்க. அதுக்காக எங்களுக்கு குடுத்தது வீண்னு யாராவது சொன்னா எனக்கு தாங்காது.

சாக்பீஸ் டீச்சர்:
தங்கச்சி, நீ படிச்சு வந்தத கேக்க மனசு நிறையுது, உன்ன மாதிரி பிள்ளைங்களுக்காகத்தான் நானும் பேசுறேன். ஆனா நீ அப்ப பதினேழு வயசு, படிக்கத் தெரிஞ்சவ, தானா தேடக்கூடியவ. என் பிள்ளைங்க ஆறு வயசு, "ட"வுக்கும் "ப"வுக்கும் வித்தியாசம் தெரியாம இருக்குறவங்க. சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் எண்ணும் கத்துக்குடுக்குற அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்க நிலைய பிரிச்சு சொல்லிக் குடுக்கச் சொல்றாங்க, அது நல்ல யோசனை, நான் மனசார ஏத்துக்கிட்டேன். அரும்புல இருக்குற பிள்ளைக்கு மணல்ல விரல புடிச்சு எழுத வைக்கணும், புளியங்கொட்டைய எண்ண வைக்கணும், தப்பா சொன்னா முகத்த பாத்து எங்க தடுமாறுதுன்னு கண்டுபிடிக்கணும். அத போர்டு செய்யாது.

கொரோனா நேரத்த நினைச்சுப் பாருங்க. 2020 மார்ச்ல பள்ளிக்கூடம் மூடினது, ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1 அன்னிக்குத்தான் திறந்தாங்க. நடுவுல கல்வித் தொலைக்காட்சி ஓடுச்சு, வீடியோ வந்துச்சு, குறை சொல்லல. ஆனா இழப்ப சரி பண்ண அரசு கடைசியா எதுக்கு வந்துச்சு? இல்லம் தேடிக் கல்வி. சாயங்காலம் தெருவுல ஒரு தன்னார்வலர் பொண்ணு, மாசம் ஆயிரம் ரூபா, சுத்தி இருபது பிள்ளைங்க. மனுஷங்கதான வந்தாங்க?

கணக்கு பிடி:
அதுல ஒரு விஷயம் விட்டுட்டீங்க மேடம், டிவியில வந்த பாடம் ஒருவழி. பிள்ளை கேள்வி கேக்க முடியாது, அதனால ஒட்டல. எல்லா டெக்னாலஜியும் அப்படி இல்லையே. கம்ப்யூட்டர்லயே சோதனை செஞ்சு பாக்குற ஃபெட் சிமுலேஷன் பாருங்க, கொலராடோ பல்கலைக்கழகத்துல செஞ்சது, தமிழ்லயே இருக்கு, இறக்கி வெச்சுக்கிட்டா நெட் இல்லாமலும் ஓடும். பேட்டரி, பல்பு, வயர் எல்லாத்தையும் பசங்களே இணைச்சு, தப்பா இணைச்சா தீப்புடிக்கிறத பாத்து, மறுபடி இணைச்சு கத்துக்குறாங்க. நிஜத்துல பல்பு வாங்க எங்க ஸ்கூல்ல காசு கிடையாது.

பாலக்காடு பார்டர்:
நான் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கேன், கேரளாவுல பாத்தத சொல்றேன். இங்க பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் வழியா கத்துக்குடுக்க ஐடி அட் ஸ்கூல்னு ஒரு திட்டத்த 2001லயே ஆரம்பிச்சாங்க, அதுல முக்கியமானது மெஷின் இல்ல, ஆசிரியர் பயிற்சி. பள்ளி ஆசிரியர்களையே பயிற்சி குடுக்குறவங்களா ஆக்கினாங்க, காசு குடுத்து வாங்குற சாப்ட்வேருக்குப் பதிலா லினக்ஸ்ல தங்களுக்கு வேணுங்கறத சேத்துக்கிட்டாங்க. 2018ல லிட்டில் கைட்ஸ்னு மாணவர் கிளப் தொடங்கி பசங்களுக்கே ஹார்டுவேர், அனிமேஷன் எல்லாம் கத்துக் குடுக்குறாங்க. தென் அமெரிக்காவுல பெரு நாட்டுல 10 லட்சத்துக்கு மேல லேப்டாப் குடுத்தும் படிப்பு முன்னேறலன்னு 2023 யுனெஸ்கோ அறிக்கையில இருக்கு, பாடத்தோட அத சேக்காததுதான் காரணம்னும் அதுலயே இருக்கு. பொட்டிய இறக்கிட்டுப் போறதுக்கும் ஆள தயார் பண்றதுக்கும் உள்ள வித்தியாசம் இது. டீச்சர், உங்க போர்டுக்கு எத்தனை நாள் பயிற்சி குடுத்தாங்க?

சாக்பீஸ் டீச்சர்:
ஒரு நாள், அதுலயும் பாதி நேரம் லாகின் எப்படி பண்றதுங்கறதுதான்.

தேனி அப்பா:
இதத்தான் நானும் கேக்குறேன். பிடி சார் மாதிரி தெரிஞ்சவங்க கையில இருந்தா எனக்கு பயமே இல்ல. ஆனா சின்ன வகுப்புக்கு வீட்டுப்பாடத்த நோட்டுல எழுதி அனுப்புங்க, போன்ல வேணாம். இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

கணக்கு பிடி:
வீட்டுப்பாடம் போன்ல வேணாங்கறத ஏத்துக்குறேன் சார், அஞ்சாவது வரைக்கும் வேணவே வேணாம். ஆனா மேடம், போர்டயே மூடி வைக்கிறத ஏத்துக்க மாட்டேன். புளியங்கொட்டைய எண்ணி முடிச்ச பிள்ளைக்கு அதையே போர்டுல பத்து பத்தா கட்டிக் காட்டிப் பாருங்க, இடமதிப்பு சட்டுன்னு புடிபடும். நெட் இல்லாம ஓடுறத நான் பென்டிரைவ்ல போட்டுத் தரேன், உங்க போர்டுல அது ஏறும்னா சொல்லுங்க.

சாக்பீஸ் டீச்சர்:
ஏறும் சார், அனுப்புங்க, கண்டிப்பா போட்டுப் பாக்குறேன், கொட்டைய எண்ணினதுக்கு அப்புறம்தான். ஆனா நான் மொதல்ல கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. திங்கக்கிழமை மறுபடி மதிப்பீடு ஆரம்பிக்குது. ஒரு பிள்ளைய வெச்சு நான் தட்டிக்கிட்டு இருக்குறப்ப அந்த 22 பேர யார் பாத்துக்குறது?