நங்கநல்லூர் ரீசேல் பிளாட்: ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) கிளீன், ஆனா பொண்ணு கையெழுத்து போடலையாம், வாங்கலாமா?

கீழ்க்கட்டளை கீதா:

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் நங்கநல்லூர்ல ஒரு ரீசேல் பிளாட் பாத்துருக்கோம். ரெண்டாவது மாடி, 840 ஸ்கொயர் ஃபீட், யூடிஎஸ் (மனையில அந்த பிளாட்டுக்கு வர்ற பிரிபடாத பாகம்) 310, விலை 62 லட்சத்துல நிக்குது. 1999ல அந்த வீட்டு ஐயா தன் சம்பாத்தியத்துல அவர் பேர்லயே வாங்கினது, 2016ல தவறிட்டார், உயில் எதுவும் எழுதலையாம். இப்போ அந்தம்மாவும் ரெண்டு பையங்களும் சேந்து விக்கறாங்க. வாரிசு சான்றிதழ் ஜெராக்ஸ் காட்டினாங்க, அதுல நாலாவதா ஒரு பொண்ணு பேரும் இருக்கு, சிங்கப்பூர்ல செட்டில் ஆனவங்களாம். அவங்க கையெழுத்து போடுவாங்களான்னு கேட்டேன், அதுக்கு பெரிய பையன் "தங்கச்சிக்கு கல்யாணத்தப்பவே 60 பவுன் போட்டு எல்லா சீரும் செஞ்சாச்சு, இதுல அதுக்கு பங்கு இல்ல, அது கேக்கவும் கேக்காது"ன்னு முடிச்சிட்டார்.

ப்ரோக்கர் 30 வருஷத்துக்கு ஈசி போட்டு குடுத்தார், வில்லங்கம் ஒண்ணும் இல்ல. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள 5 லட்சம் கேஷா அட்வான்ஸ் குடுத்து ஸ்டாம்ப் பேப்பர்ல அக்ரிமென்ட் எழுதிக்கலாம், இல்லன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்குன்னு தினமும் போன் பண்றார். ஈசி கிளீனா இருந்தா போதுமா? இன்னொன்னு, மூணாவது மாடியில ஒரே ஒரு வீடு இருக்கு, அது பின்னாடி கட்டினதுன்னு வாட்ச்மேன் சொன்னார், அதனால எங்களுக்கு ஏதாவது வருமா? ரொம்ப வருஷமா சேத்து வச்ச பணம், பயமா இருக்கு.

ஓஎம்ஆர் பையன்:

லோன் போடுவீங்கல்ல சிஸ்டர்? பேங்க் வக்கீல் டாகுமென்ட் பாத்து லீகல் ஒபீனியன் குடுத்துட்டார்னா தைரியமா போலாம். சிக்கல் இருந்தா பேங்கே லோன் தராது. நல்ல ஏரியா, விட்டுராதீங்க.

சைதை வக்கீல்:

பேங்க் ஒபீனியனை மட்டும் நம்பாதீங்கம்மா, அது பேங்க்குக்கு அதோட கடன் திரும்பி வருமான்னு பாக்கறதுக்கு. நாளைக்கு கேஸ் வந்தா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும், இஎம்ஐயும் நிக்காது.

முதல்ல அந்தப் பொண்ணு விஷயம். அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கி, உயில் எழுதாம இறந்துட்டார்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, ரெண்டு பையன், பொண்ணு, நாலு பேருக்கும் ஆளுக்கு கால் பங்கு. 2016ல அவரோட அம்மா உயிரோட இருந்தாங்களான்னும் கேளுங்க, இருந்திருந்தா அவங்களும் ஒரு பங்குதாரர், கணக்கே மாறும். கல்யாணத்துல எத்தனை பவுன் போட்டாங்கங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, நகை போட்டா பங்கு போயிரும்னு எந்தச் சட்டத்துலயும் கிடையாது. வேணாம்னு அந்தப் பொண்ணே சொன்னாலும் வாய்வார்த்தை செல்லாது, விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணணும், இல்லன்னா கிரயப் பத்திரத்துல அவங்களும் விக்கறவங்கள்ல ஒருத்தரா கையெழுத்து போடணும். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஒரே பத்திரத்துல முடிஞ்சிரும். மூணு பேர்கிட்ட மட்டும் வாங்கினீங்கன்னா உங்களுக்கு வர்றது முக்கால் வீடுதான், மிச்ச கால் பங்குக்கு சிங்கப்பூர்ல ஒருத்தர் ஓனரா இருப்பாங்க, பாகப்பிரிவினை கேஸ் போட அவங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்போ ஈசி எப்படி கிளீனா வந்துதுன்னு கேப்பீங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சது மட்டும்தான் ஈசில வரும். அப்பா இறந்த நிமிஷமே பொண்ணுக்கு பங்கு வந்துருச்சு, அதை யாரும் போய் பதியறதில்ல, அதனால ஈசிக்கு அது தெரியவே தெரியாது. பதியாத உயில், நடந்துகிட்டிருக்கற கோர்ட் கேஸ் இதெல்லாமும் அப்படித்தான். இகோர்ட்ஸ் சைட்ல விக்கறவங்க பேரை ஒவ்வொண்ணா போட்டு தேடிப் பாருங்க.

அட்வான்ஸ் விஷயத்துல ப்ரோக்கர் சொல்ற மாதிரி போகவே போகாதீங்க. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்லேந்து கிரய ஒப்பந்தத்தை ரிஜிஸ்டர் பண்றது கட்டாயம், வெறும் ஸ்டாம்ப் பேப்பரை வச்சுகிட்டு கோர்ட்டுல நிக்கறது ரொம்ப கஷ்டம். சொத்து விக்க அட்வான்ஸா 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக் கூடாது, மீறினா வாங்கினவருக்கு அதே தொகை அபராதம். செக் இல்லன்னா ஆர்டிஜிஎஸ்தான்னு கறாரா சொல்லிருங்க. ஒரிஜினல் தாய்ப்பத்திரத்தை கண்ணால பாக்காம ஒரு ரூபா குடுக்காதீங்க, ஒரிஜினல் வேற எங்கயாவது அடமானத்துல இருக்கலாம்.

பெரம்பூர் அக்கா:

வக்கீல் சார் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. எங்க சித்தப்பா இதே மாதிரி அண்ணன் தம்பிங்ககிட்ட மட்டும் கையெழுத்து வாங்கி வீடு வாங்கினார், பேங்க்ல லோனும் குடுத்தாங்க, குடிபோய் நாலஞ்சு வருஷம் கழிச்சு அவங்க அக்கா கேஸ் போட்டாங்க. அந்தம்மா மேல தப்பே இல்ல, அவங்க பங்கை அவங்களுக்குத் தெரியாமலே வித்துட்டாங்க. சித்தப்பாவால இப்போ விக்கவும் முடியல, இடிச்சு கட்டவும் முடியல. கீதா, நீங்க அந்தப் பொண்ணுகிட்ட நேரா பேசுங்க, அண்ணன் மூலமா வேணாம்.

கிரவுண்டு கணக்கு:

மூணாவது மாடி பத்தி யாரும் சொல்லல. மேடம், பிளாட்டுல உங்களுக்கு நிஜமா சொந்தம் அந்த யூடிஎஸ் மண்ணுதான். கட்டடம் பழசாகும், 2022ல வந்த தமிழ்நாடு அடுக்குமாடி சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனர்ங்க சம்மதிச்சா இடிச்சு கட்டலாம், அப்போ உங்க பங்கு எவ்வளவுங்கறதுக்கு யூடிஎஸ்தான் ஆதாரம். அதனால பிளாட் நம்பரை மட்டும் போட்டு எடுத்த ஈசி பத்தாது, சர்வே நம்பர் போட்டு மொத்த இடத்துக்கும் எடுங்க. அதுல ஒவ்வொரு பிளாட் கிரயத்துக்கும் சொத்து விவரத்துல "பிரிபடாத பாகம்"னு ஒரு அளவு இருக்கும். எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி கூட்டுங்க, கூட்டுத்தொகை மனையளவைத் தாண்டக் கூடாது.

பிளானையும் கேளுங்க. 1999ல நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சில இருந்துது, 2011லதான் சென்னை மாநகராட்சியோட சேந்துது, அதனால பழைய பிளான்ல நகராட்சி சீல்தான் இருக்கும், அதைப் பாத்து பயப்படாதீங்க. எத்தனை மாடி, மாடிக்கு எத்தனை வீடுன்னு அதுல இருக்கறதும் நேர்ல இருக்கறதும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. பிளாட்டுக்கு தனி பட்டா இல்லையேன்னு கவலைப்பட வேணாம், பழைய கட்டடம் நிறையத்துல நிலத்தோட பட்டா இன்னும் முதல் ஓனர் பேர்லயே கிடக்கும். ஆனா டவுன் சர்வே பதிவேட்டுல அந்த இடம் புறம்போக்கா இல்லையான்னு மட்டும் உறுதி பண்ணிக்கோங்க.

கீழ்க்கட்டளை கீதா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ப்ரோக்கர்கிட்ட வெள்ளிக்கிழமை முடியாதுன்னு சொல்லிட்டோம், அந்த வேற பார்ட்டி இன்னும் வரல. மொத்த இடத்துக்கும் ஈசி எடுத்து கூட்டிப் பாத்தேன். இடம் ஒரு கிரவுண்டு, 2400 ஸ்கொயர் ஃபீட். நாலு பிளாட்டுக்கு 380, ரெண்டு பிளாட்டுக்கு 310, ஆக 2140. மூணாவது மாடி வீட்டை 2008ல 410னு போட்டு வித்துருக்காங்க, மொத்தம் 2550 வருது! இடத்தை விட 150 கூட.

அந்தப் பொண்ணு நம்பரை அந்தம்மாகிட்டயே வாங்கி வீடியோ கால் பேசினேன். வீடு விக்கறதே அவங்களுக்கு தெரியாதாம், கொஞ்ச நேரம் பேசவே முடியல அவங்களால. அப்புறம் கால் பண்ணி, அம்மாவுக்காக விக்க சம்மதம், ஆனா என் பங்கு என் அக்கவுண்டுக்கு வரணும்னு தெளிவா சொல்லிட்டாங்க. லீவு கிடைக்காது, நேர்ல வர முடியாதாம். இப்போ என்ன பண்றது?

சைதை வக்கீல்:

நல்ல காரியம் பண்ணீங்கம்மா. அவங்க கேக்கறது நியாயம், அப்படியே எழுதிக்கோங்க.

யூடிஎஸ் கணக்குல உங்களுக்கு பெரிய ஆபத்து இல்ல. கையில மிச்சம் இருந்தது 260, அதை 410னு வித்தது பின்னாடி நடந்தது. உங்க பிளாட்டோட 310 1999லயே பதிஞ்சாச்சு, முன்னாடி வாங்கினவருக்குத்தான் முன்னுரிமை, குறையறது மூணாவது மாடிக்காரருக்கு. ஆனா அந்த மாடிக்கு அப்ரூவல் இல்லன்னா கார்ப்பரேஷன் நோட்டீஸ் வரலாம், ரீடெவலப்மென்ட் பேசறப்போ சண்டை வரும், அதைச் சொல்லி விலையைக் குறைச்சுக் கேளுங்க.

அந்தப் பொண்ணு நேர்ல வர வேணாம், சிங்கப்பூர்ல இருக்கற இந்திய ஹைகமிஷன்ல பவர் பத்திரத்துல (தனக்கு பதிலா கையெழுத்து போட ஒருத்தருக்கு அதிகாரம் குடுக்கறது) கையெழுத்து போட்டு அட்டெஸ்ட் பண்ணி அனுப்பலாம். இங்க வந்து சேந்ததும் 3 மாசத்துக்குள்ள ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முத்திரைத் தீர்வை கட்டிரணும். பவரை யார் பேருக்குக் குடுக்கறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும், அண்ணன் பேருக்குன்னு நீங்க சொல்லாதீங்க. இந்த வீட்டுக்கு மட்டும், விலையும் போட்டு, ஸ்பெஷல் பவரா இருக்கணும். பவர் எழுதி 30 நாள் தாண்டிட்டா, ரிஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு அவங்க உயிரோட இருக்காங்கன்னு சான்றிதழும் கேப்பாங்க.

டிடிஎஸ்ல (விக்கறவங்களுக்கு குடுக்கற பணத்துலயே நீங்க பிடிச்சு கட்டற வருமான வரி) கவனம். 50 லட்சத்துக்கு மேல போறதால இங்க இருக்கற மூணு பேர் பங்குல 1% பிடிச்சு கட்டணும். அந்தப் பொண்ணு வரிக்கணக்குப்படி என்ஆர்ஐன்னா அவங்க பங்குக்கு இந்த 1% செல்லாது, 12.5% பிளஸ் செஸ், குறைச்சு பிடிக்கச் சொல்லி வருமான வரி ஆபீஸ்ல அவங்களே சான்றிதழ் வாங்கலாம். பிடிக்காம விட்டா உங்ககிட்டதான் வந்து கேப்பாங்க, அதனால பணம் அனுப்பறதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டரைப் பாத்துருங்க. அவங்க பங்கு அவங்க என்ஆர்ஓ அக்கவுண்டுக்கே (என்ஆர்ஐங்க இந்தியாவுல வச்சுக்கற பேங்க் கணக்கு) போகட்டும், அந்த நம்பரை கிரயப் பத்திரத்துலயே எழுதிருங்க.

பவர் டிராஃப்டை அவங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உங்க வக்கீல் ஒரு தடவை படிக்கட்டும், ஹைகமிஷன்ல அட்டெஸ்ட் ஆனப்புறம் ஒரு எழுத்து மாத்தணும்னாலும் திரும்ப முதல்லேந்து வரணும்.