சட்டமன்றத் தேர்தல்: "சாதாரணமாக வசிப்பவர்", எதிர்ப்பு வாக்கு, ஆய்வுக்குரிய வாக்கு, செல்லத்தக்க வாக்கு – சட்டத்தில் என்ன பொருள்?

பொருநை:

வணக்கம். முதல் முறையாக வாக்குச்சாவடி முகவராக உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு தயாரிக்கிறேன். கைவசம் இருக்கும் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் இங்கே கேட்கிறேன். பிரிவு எண்ணோடு பதில் கிடைத்தால் நல்லது.

தென்காசியில் சொந்த வீடு, கோவையில் நாலு வருடமாக வேலை, வாடகை வீடு. இவர் எந்தத் தொகுதி வாக்காளர்? "சொந்த வீடு இருந்தால் போதும்" என்று ஒரு குறிப்பு சொல்கிறது. "ஆறு மாதம் தங்கினால் அந்த ஊர்" என்கிறது இன்னொன்று.

பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் ஆள் அந்தத் தெருவிலேயே இல்லை என்று முகவருக்குத் தெரியும். வாக்குப்பதிவு நாளில் ஆட்சேபிக்கலாமா?

எதிர்ப்பு வாக்கு, ஆய்வுக்குரிய வாக்கு இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? 49பி (49P) விதிப்படி போட்ட ஓட்டு எண்ணப்படுமா?

டெபாசிட் கணக்கில் நோட்டா சேருமா?

---

வரைவுப்பட்டியல்:

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன் 19-ஆம் பிரிவு இரண்டு தகுதிகளைத்தான் கேட்கிறது: தகுதி நாளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் சாதாரணமாக வசிப்பவராக இருக்க வேண்டும். தகுதி நாள் என்பது முன்பு ஜனவரி 1 மட்டும். 2022 ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என நான்கு.

வசிப்பு என்றால் என்ன என்பது 20-ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கே எடுத்த எடுப்பிலேயே உங்கள் முதல் குறிப்புக்குப் பதில் கிடைத்துவிடும்: ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருப்பதாலோ, வீடு ஒருவர் வசம் இருப்பதாலோ மட்டும் அவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். அடுத்து 20(1ஏ): தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் வசிப்பு போய்விடாது. அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் சில மாதம் போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்த உட்பிரிவுதான் காப்பு.

ஆறு மாதக் கணக்கு அந்தப் பிரிவில் எங்குமே இல்லை. சந்தேகம் வந்தால் எல்லா உண்மைகளையும் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று 20(7) சொல்கிறது. முடிவு செய்பவர் வாக்காளர் பதிவு அலுவலர். ஆள் எங்கே தூங்குகிறார், குடும்பம் எங்கே, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், திரும்பிப் போகும் எண்ணம் உண்டா என்பவைதான் அந்த உண்மைகள். நீங்கள் சொன்னவர் குடும்பத்தோடு நாலு வருடமாகக் கோவையில் இருந்தால் அவர் கோவைக்காரர். தென்காசிப் பத்திரம் அதை மாற்றாது. மனைவி, மக்கள் தென்காசியில் இருந்து, அவர் மட்டும் வாராவாரம் போய்வருகிறார் என்றால் விடை மாறலாம்.

விதிவிலக்கான ஆட்களைக் குறிப்பில் தனியாகப் போடுங்கள். விடுதி மாணவர் பெற்றோர் வீட்டிலோ விடுதியிலோ பதியலாம். விடுதி முகவரி என்றால் கல்லூரி முதல்வரின் சான்று வேண்டும். படிப்பு ஓராண்டுக்குக் குறையக் கூடாது. வீடே இல்லாதவருக்கு முகவரிச் சான்று கேட்கக் கூடாது. அவர் சொன்ன இடத்துக்கு பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஒன்றுக்கு மேற்பட்ட இரவு போய், அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்தால் போதும். இதைத் தெரியாமல் "ரேஷன் கார்டு கொண்டா" என்று திருப்பி அனுப்புவது நடைபாதைவாசிகளுக்குச் செய்யும் அநியாயம். ராணுவத்தினர், வேறு மாநிலத்தில் பணியில் இருக்கும் நம் மாநில ஆயுதப் போலீசார், வெளிநாட்டில் இந்திய அரசுப் பணியில் இருப்பவர் ஆகியோர் பணி இல்லாவிட்டால் எங்கே வசித்திருப்பார்களோ அங்கே வசிப்பவர்கள். வெளிநாட்டில் தனியார் வேலையில் இருக்கும் இந்தியக் குடிமகன் படிவம் 6ஏ வழியே பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பதியலாம். அவர் வாக்குப்பதிவு நாளில் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும்.

நடைமுறையில் அதிகம் தவறுவது படிவத்தில். இடம் மாறியவருக்குப் படிவம் 8. அடுத்த தொகுதிக்கே மாறினாலும் இப்போது அதுதான். பலர் புது ஊரில், புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்துவிடுகிறார்கள். அதில் "வேறு எந்தப் பட்டியலிலும் என் பெயர் இல்லை" என்ற உறுதிமொழி இருக்கிறது. பழைய ஊரில் பெயர் இருக்கும்போது கையெழுத்திட்டால் அது 31-ஆம் பிரிவின்படி பொய் உறுதிமொழி: ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டு தொகுதியில் பெயர் இருப்பதை 17-ஆம் பிரிவும், ஒரே தொகுதியில் இரண்டு முறை இருப்பதை 18-ஆம் பிரிவும் தடுக்கின்றன.

---

படிவம்17ஏ:

இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில்: கூடாது. வசிப்பு, வயது, குடியுரிமை எல்லாம் பட்டியல் தயாராகும்போது கேட்க வேண்டிய கேள்விகள். சாவடிக்குள் ஒரே கேள்விதான் செல்லும்: பட்டியலில் உள்ள அந்த ஆள் இவர்தானா? 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62(1) பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை தருகிறது. வயதில் சந்தேகம் இருந்தால்கூடச் சாவடியின் தலைமை அலுவலர் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட விடுவார், திருப்பி அனுப்ப மாட்டார். சாவடியில் "இவர் வீட்டைக் காலி செய்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்று கத்துகிற முகவர் தன் நேரத்தையும் வரிசையில் நிற்பவர்கள் நேரத்தையும்தான் வீணாக்குகிறார்.

அந்த ஆட்சேபத்துக்கு உரிய இடம் படிவம் 7. அதே தொகுதிப் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கொடுக்க முடியும். பெயரை நீக்குவதற்கு முன் சம்பந்தப்பட்டவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது 1950 சட்டத்தின் 22-ஆம் பிரிவு. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரைச் சந்தேகத்தின் பேரில் சும்மா நீக்க முடியாது என்று 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். பதிவு அலுவலரின் உத்தரவு பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அதன்பின் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது மேல்முறையீடு. வேட்புமனுவின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பட்டியல் பூட்டப்பட்டது. அதே 1950 சட்டத்தின் 23(3) பாருங்கள்.

இனி மூன்றாவது கேள்வி. விதிகள் எல்லாம் தேர்தல்கள் நடத்தும் விதிகள் 1961-இல் உள்ளவை.

எதிர்ப்பு வாக்கு 49ஜே. ஆள் இன்னும் ஓட்டுப் போடவில்லை, "இவர் அவர் இல்லை" என்று முகவர் சொல்கிறார். அதற்கு 2 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார், படிவம் 14-இல் பதிவார். ஆள்மாறாட்டம் உறுதியானால் வந்தவரைப் போலீசிடம் ஒப்படைப்பார். உறுதியாகாவிட்டால் அவர் இயந்திரத்திலேயே ஓட்டுப் போடுவார், அது சாதாரண ஓட்டாகவே எண்ணப்படும். வேண்டுமென்றே வம்புக்குச் செய்த எதிர்ப்பு என்று தெரிந்தால் அந்த 2 ரூபாய் அரசுக்கு.

ஆய்வுக்குரிய வாக்கு 49பி. இங்கே காலம் கடந்துவிட்டது: உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போய்விட்டார். நீங்கள்தான் உண்மையான ஆள் என்று கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால், இயந்திரத்தில் அல்ல, காகிதச் சீட்டில் ஓட்டுப் போடலாம். ஒரு சாவடிக்கு 20 சீட்டு கொடுத்திருப்பார்கள். முதலில் படிவம் 17பி-யில் (17B) கையெழுத்து, பிறகு சீட்டு. மறைவிடத்தில் அம்புக்குறி முத்திரையைக் குத்தி, மடித்து, தலைமை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதற்கான தனி உறையில் வைப்பார். முகவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பரபரப்பில் சில அலுவலர்கள் அவரை இயந்திரத்திலேயே போட விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் 17ஏ பதிவேட்டின் (ஓட்டுப் போட வந்தவர்களைப் பதியும் ஏடு) எண்ணிக்கையும் இயந்திரத்தின் மொத்தமும் பொருந்தாமல் போகும், மாலையில் 17சி (பதிவான வாக்குகளின் கணக்குப் படிவம்) எழுதும்போது சிக்கல் வெடிக்கும்.

எண்ணப்படுமா என்றால், வாக்கு எண்ணும் நாளில் எண்ணப்படாது. அந்த உறை பிரிக்கப்படவே படாது. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டு, நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் அந்த ஓட்டுக்கு உயிர் வரும். ராஜஸ்தானில் 2008 சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதி ஒரே ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. அங்கே ஆய்வுக்குரிய வாக்குகள் பற்றிய சண்டை 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. "49பி-யில் போட்டால் சேர்ந்துவிடும்" என்று மக்களிடம் சொல்லி அனுப்பாதீர்கள். உரிமை பதிவாகிறது, அதே நாளில் கணக்கில் ஏறவில்லை என்று உள்ளபடியே சொல்லுங்கள்.

இந்த இரண்டோடு குழப்பிக்கொள்ளும் மூன்றாவது ஒன்று உண்டு: சோதனை வாக்கு, 49எம்ஏ. விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டில் வேறு சின்னம் விழுந்தது என்று வாக்காளர் புகார் சொன்னால், எழுத்தில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, முகவர்கள் முன்னிலையில் மறுபடி ஒரு ஓட்டுப் போடச் சொல்வார்கள். புகார் பொய் என்றால் ஆறு மாதம் வரை சிறைக்கு வழியுண்டு, இதை முன்கூட்டியே எச்சரிப்பார்கள். அந்தச் சோதனை ஓட்டு எந்த வேட்பாளருக்கு விழுந்தது என்பதை 17சி-யில் எழுதி, எண்ணும்போது கழிக்க வேண்டும். புகார் உண்மை என்றால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிற்கும்.

---

பொருநை:

மிக்க நன்றி சார். கூடுதலாக ஒன்று: ரிமாண்டில் இருப்பவர், ஜாமீனில் வந்தவர், குண்டர் சட்டத்தில் இருப்பவர் என்று மூன்று பேர். யார் ஓட்டுப் போடலாம்?

---

படிவம்17ஏ:

62(5). சிறையில் இருந்தாலோ போலீஸ் காவலில் இருந்தாலோ ஓட்டு இல்லை, தண்டனைக் கைதியோ விசாரணைக் கைதியோ வித்தியாசம் கிடையாது. ஜாமீனில் வெளியே இருப்பவர் தாராளமாகப் போடலாம். குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் மட்டும் இருப்பவருக்கு அந்தப் பிரிவிலேயே விலக்கு உண்டு, அவருக்குத் தபால் ஓட்டு. காவலில் இருக்கும் காலத்தில் பட்டியலிலிருந்து பெயர் போய்விடாது. 2013 திருத்தம் இதைத் தெளிவாக்கியது. அதனால்தான் சிறையிலிருந்து ஓட்டுப் போட முடியாதவர் வேட்பாளராக நிற்க முடிகிறது.

---

மேசை_14:

நாலாவது கேள்வியும், அதையொட்டி யாரும் கேட்காத ஒன்றும்.

டெபாசிட்: 1951 சட்டத்தின் 158-ஆம் பிரிவு. தோற்ற வேட்பாளர் பெற்ற ஓட்டு, மொத்தச் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் பணம் போச்சு. பதிவான வாக்கு வேறு, செல்லத்தக்க வாக்கு வேறு. நோட்டா, நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டு, கழிக்கப்பட்ட சோதனை வாக்கு எதுவும் செல்லத்தக்க வாக்கில் சேராது. கற்பனைக் கணக்கு: மொத்தம் 1,80,000. நோட்டா 1,500, செல்லாத தபால் ஓட்டு 300. மிச்சம் 1,78,200. ஆறில் ஒன்று 29,700. சரியாக 29,700 வாங்கியவருக்கு டெபாசிட் இல்லை, 29,701 வாங்கியவருக்கு உண்டு. சட்டமன்றத்துக்குக் கட்டும் தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000.

கேட்காத ஒன்று தபால் ஓட்டு. எண்ணும் முகவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். உறையைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது படிவம் 13ஏ உறுதிமொழியை. அது இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, வரிசை எண் பொருந்தவில்லை என்றால் உள்ளுறையைத் திறக்காமலே நிராகரிப்பார்கள். ஓட்டு யாருக்கு என்ற பேச்சே எழாது. சான்றொப்பம் இடத் தகுதியுள்ள அதிகாரி யார் என்ற ஒரு வரையறையில் ஒரு தொகுதியே தொங்கியது: 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம். அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவைவிட 49 ஓட்டு அதிகம். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் ஓட்டுகள், அவர்கள் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் இல்லை என்று தள்ளப்பட்டிருந்தன. அவர்கள் சான்றொப்பம் இடலாம் என்று 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, அந்த ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. எண்ணியும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் யாரிடம் கையெழுத்து வாங்குகிறோம் என்பதில் அலட்சியமாக இருக்கக் கூடாது என்று சொல்வதற்கு வேறு உதாரணமே வேண்டாம்.

வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் வசதியையும் சேர்த்துவிடுங்கள்: 85 வயதைத் தாண்டியவர்களுக்கும் (2024 மார்ச்சுக்கு முன் 80), 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும். படிவம் 12டி, தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஒருமுறை தபால் ஓட்டு விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டால் பட்டியலில் பெயருக்கு எதிரே குறியிட்டுவிடுவார்கள், பிறகு சாவடிக்குப் போனால் ஓட்டு கிடையாது. பேரன் ஆசையாகச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்து ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

---

ஊராட்சி வாசகர்:

ஒரு சின்னச் சேர்க்கை. மேலே உள்ள பிரிவுகள் எல்லாம் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் உரியவை. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அரசியலமைப்பின் 243கே, 243இசட்ஏ பிரிவுகளின் கீழ். அங்கே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் ஆகியவற்றையும் அவற்றின் விதிகளையும்தான் காட்ட வேண்டும். ஆனால் வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே வார்டு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. சட்டமன்றப் பட்டியலில் விடுபட்டவர் வார்டு பட்டியலில் தேடிப் பயனில்லை, முதலில் படிவம் 6 கொடுக்கட்டும். உங்கள் குறிப்பின் தலைப்பிலேயே "சட்டமன்றத் தேர்தலுக்கு மட்டும்" என்று போட்டுவிடுங்கள்.